இருபத்தோரு நாளுக்கு ஒரு ஊசி

சாலையில் மரம் விழுந்த ஐந்தாவது நாள் என் மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டர் பெரியநாயகியிடம் போனேன். விழுந்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வெட்டிப் போட்டிருந்தார்கள். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். சேலம் ரோட்டிலும் தியாகதுருகம் ரோட்டிலும் பெரிய பெரிய புளிய மரங்கள் குறுக்கே கிடந்தன. கள்ளக்குறிச்சிக்குள் ஒரு பஸ் வரவில்லை, ஒரு பஸ் போகவில்லை. கடைக்காரர்கள் அரைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் யாராவது வேகமாக நடந்தால்கூட மூடிக்கொண்டார்கள்.

அந்த மரங்கள் மட்டும் நின்றிருந்தால் நான் வியாழக்கிழமையே சேலத்துக்குப் போயிருப்பேன். உள்ளூர் டாக்டரிடம் போகிற ஆள் நானில்லை. இந்த ஊரில் காலையில் தலைவலி என்று வாய் திறந்தால் சாயங்காலத்துக்குள் அது மூளையில் கட்டியாகி, நாலு தெரு சுற்றி, நம் வீட்டு வாசலுக்கே வந்து துக்கம் விசாரிக்கும். சேலத்தில் யாருக்கும் என்னைத் தெரியாது. அங்கே நான் யார் பெண்டாட்டி, யார் மருமகள் என்று எவளும் கேட்கமாட்டாள்.

"ரோடு தொறந்ததும் போலாமே. இப்ப இன்னா அவசரம்?" என்றார் என் வீட்டுக்காரர் கரீம்.

"இந்த மறியல் ஒரு மாசம்கூட நடக்கும்னு சொல்லிகினு கீறாங்க. அதுக்குள்ள நாள் போய்டும்" என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். பேசாத மனுஷரைக் கட்டிக்கொண்டால் எல்லாவற்றையும் நாம்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

அவசரம் இதுதான். எங்கள் மகள் ஃபரீனுக்குத் தியாகதுருகத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பெயர் தௌசிப், செருப்புக்கடை வைத்திருக்கிறான். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று ஏழு பேரிடம் விசாரித்துவிட்டேன். எட்டாவதாகக் கேட்க நினைத்த ஆள் ஊரில் இல்லை, அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மீலாது முடிந்த கையோடு நிக்காஹ். பெண் பார்க்க வந்தபோது அவன் அம்மா ஃபரீனின் கன்னத்தைத் தடவி, "பொண்ணு லட்சணமா கீறா. கொஞ்சம் ஜாஸ்தியா கீறா, அவ்ளோதான். நிக்காஹ்வுக்குள்ள கம்மி பண்ணிடுங்க" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அந்தச் சிரிப்புக்குள் 'இல்லாவிட்டால்' என்று ஒரு வார்த்தை ஒளிந்திருந்தது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.

மெட்ராஸில் இருக்கும் என் சின்னம்மா மகள் தன் கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ மாத்திரை சாப்பிட்டு இரண்டே மாதத்தில் பத்து கிலோ இளைத்தாள். பசியே எடுக்காதாம். கடிதம் எழுதிக் கேட்டேன். மாத்திரையின் பெயரை எழுதி, டாக்டர் சீட்டு இருந்தால்தான் கடையில் தருவார்கள் என்றும் எழுதியிருந்தாள். நிக்காஹ்வுக்கு முழுசாக இரண்டு மாதம்கூட இல்லை. அதனால்தான் மரம் விழுந்த ஊரில், வேறு வழியில்லாமல், உள்ளூர் டாக்டர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போவதற்கு நான் ஏன் திருடப் போகிறவள் போல நடுங்கினேன் என்பது யாருக்கும் புரியாது.

ஃபரீனுக்கு ஒன்பது வயதில் தொண்டை வலியில் ஆரம்பித்து ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு முட்டி வீங்கியது. முட்டி வற்றினால் கணுக்கால், கணுக்கால் வற்றினால் மணிக்கட்டு. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்தக் காய்ச்சல் மூட்டோடு நிற்காது, இதயத்துக்குள் ரத்தம் போய் வர சின்னச் சின்னக் கதவு போல இருக்கிறதே, அதையும் கெடுத்துவிடும் என்றார்கள். இவளுக்கு ஏற்கெனவே கொஞ்சம் கெட்டிருக்கிறது, மேலும் கெடாமல் இருக்க இருபத்தோரு நாளுக்கு ஒரு ஊசி, குறைந்தது இருபத்தைந்து வயது வரைக்கும், ஒன்றைக்கூடத் தவற விடாதீர்கள் என்று ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார்கள்.

பெண் பிள்ளை. நெஞ்சில் கோளாறு. வெளியே தெரிந்தால் எவன் கட்டுவான்? எங்கள் ஜனத்தில் சம்பந்தம் பேச வந்தால் பெண்ணின் நிறத்தைக் கேட்பதற்கு முன் அவள் வீட்டு நோய்களைத்தான் விசாரிப்பார்கள். என் மாமியாருக்குச் சர்க்கரை இருந்தது. அவர் கண்ணை மூடும்வரை அதை வயிற்றுப்புண் என்றே சொல்லி வந்தோம். அவருடைய இரண்டு பெண்களுக்கும் நல்ல இடம் அமைந்தது அப்படித்தான்.

அதனால் ஊசியை உள்ளூரில் போட முடியாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாண்டிச்சேரிக்குப் போனால் ஊருக்கு என்ன காரணம் சொல்வது? அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. கரீம் மலைச்சரக்கு வியாபாரி. கடுக்காய், புளி, தேன் வாங்க எப்படியும் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஜீப்பில் போய் வருகிறவர். எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட மலை ஏறமாட்டார்கள், வளைவுகளில் வாந்தி எடுப்பார்கள். வெள்ளிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதில் ஒரு நர்ஸ். மருந்துப் புட்டிகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று வாரத்துக்கு ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நாங்கள் மூவரும் மலைக்குப் போனோம்.

வெள்ளை மாவு மாதிரி இருக்கும். தண்ணீர் விட்டுக் குலுக்கி, பெரிய ஊசியில் ஏற்றி, இடுப்புக்குக் கீழே போடுவார்கள். பிள்ளை கதறும். மலையில் கதறினால் எங்கள் தெருவுக்கா கேட்கப்போகிறது? திரும்பும்போது ஒரு பலாப்பழத்தை ஜீப்பில் ஏற்றிக்கொள்வோம். கேட்டவர்களிடமெல்லாம் "புள்ளைக்கு மலைன்னா உசுரு" என்று சொல்வேன். அவளிடம் சத்து ஊசி என்று சொல்லி வைத்திருந்தேன். நெஞ்சுக் கோளாறை மறைக்க மலை ஏறிய ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அன்று அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

ஓடாதே, குதிக்காதே, பாண்டி ஆடாதே, உட்கார்ந்து சாப்பிடு. இப்படித்தான் அவளை வளர்த்தேன். மனசு உறுத்தும்போதெல்லாம் சோற்றில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினேன். அவள் இப்படிப் பெருத்ததற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஏழு வருஷம் போட்டோம். அவளுக்குப் பதினாறு நடந்தபோது ஒரு நாள் வெள்ளிமலை ஆஸ்பத்திரி வாசலிலேயே என் நாத்தனார் வீட்டுக்காரர் எதிரே வந்து நின்றார். வீட்டு வேலைக்கு மரம் வாங்க வந்தாராம். "இன்னா இங்க?" என்று கேட்டார். கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி. கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஊசி நின்றுபோனது. ஐந்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் பெரியநாயகியின் கிளினிக்கில் அன்று கூட்டமே இல்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து யாரும் வர முடியாதே. கூட்டம் இருந்தால் அதற்குள் மறைந்துகொள்ளலாம். வெறும் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தெருவில் போகிற ஒவ்வொருவரும் எங்களைப் பார்த்துவிட்டுப் போவது போலவே இருந்தது.

சீட்டு எழுதுவது, ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே ஒரு நர்ஸம்மாதான். பெயர் குஞ்சம்மாள். சரியாகத் தூங்கிப் பல நாளான முகம்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன். எதிரில் இருப்பவர்களைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது என் வழக்கம்.

"தியாகதுருகம். அஞ்சு நாளா வூட்டுக்குப் போவ முடியல. இங்கியே ஒரு பாயப் போட்டுப் படுத்துகினு கீறேன்."

"தியாகதுருகத்துல எங்க?"

"கடத்தெருல ஒரு செருப்புக்கட கீது இல்ல? அதுக்குப் பின்னால."

அது தௌசிப்பின் கடை. இவள் வீடு அதன் பின்புறம். ரோடு மூடியிருக்கிறவரைக்கும் பயமில்லை, இவளால் ஊருக்குப் போக முடியாது. ரோடு திறந்தால் முதல் பஸ்ஸில் இவள் ஏறுவாள், கூடவே எங்கள் கதையும் ஏறும்.

"பேசன்ட் பேரு சொல்லுங்க" என்றாள்.

"நௌஷீன்" என்றேன். என் பக்கத்தில் ஃபரீன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஊரு?"

"ரிஷிவந்தியம்."

குஞ்சம்மாளின் பேனா நின்றது. "எப்டிம்மா வந்தீங்க? அந்தப் பக்கமும் மறிச்சிகினுதான கீறாங்க?"

பொய் சொல்லத் தெரிந்தவள் ஊர்ப் பெயரில் கோட்டை விட்டுவிட்டேன். "நடந்து வந்தோம்" என்றேன்.

அவள் ஃபரீனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். துளி மண் இல்லாத செருப்பைப் பார்த்தாள். எழுதிக்கொண்டாள். பிறகு எடை மெஷினில் ஏறச் சொன்னாள். எண்பத்தொன்று. சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு சீட்டைக் கொடுக்க எதற்கு இவ்வளவு நேரம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் சொந்தம், சம்பந்தம், சண்டை எதுவும் தெரியாதவர் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே அது போய்விட்டது.

"ரிஷிவந்தியத்துலேர்ந்து நடந்தேவா வந்தீங்க?"

"கொஞ்ச தூரம் சைக்கிள்ல வந்தோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சரி, என்ன விஷயம்?" என்றார். நான் மெட்ராஸ் கடிதத்தை, மாத்திரைப் பெயர் மட்டும் தெரிகிற மாதிரி மடித்து நீட்டினேன். படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கு இளைக்கணும்?"

"கல்யாணம்."

"மாப்பிள்ளை வீட்ல சொன்னாங்களா?"

"சேச்சே, யாரும் சொல்லல. நாங்களா யோசிச்சதுதான்."

"நீ சொல்லும்மா" என்று ஃபரீன் பக்கம் திரும்பினார். "உனக்கு இளைக்கணும்னு இருக்கா?"

"அவ கூச்சப்படுவா டாக்டரம்மா. என்னயே கேளுங்க."

"மாத்திரை சாப்பிடப்போறது அவதானே?"

ஃபரீன் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா கேட்டுக்கோங்க. இந்த மாத்திரை பசியை அடக்கும், அது நிஜம். ஆனா சும்மா அடக்காது. உடம்பைப் போட்டு விரட்டும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், ராத்திரி தூக்கம் வராது, வாய் காஞ்சுபோகும், ரத்தக் கொதிப்பு ஏறும். மாத்திரையை நிறுத்தினா இளைச்ச உடம்பு பழையபடி ஏறிடும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இதயத்துல ஏற்கெனவே கோளாறு இருக்கிறவங்களுக்கு இதைக் கொடுத்தா உயிருக்கே ஆபத்து. அதனால நான் கேக்கறதுக்கு மறைக்காம பதில் சொல்லணும்."

உயிருக்கே ஆபத்து என்று அவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. விழவில்லை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நொடியே என் மண்டை வேறு பக்கம் ஓடியது. எல்லா டாக்டர்களும் இப்படித்தான் பயமுறுத்துவார்கள். பயந்தவன்தான் திரும்பத் திரும்ப வருவான். மெட்ராஸ்காரி சாப்பிட்டாளே, கல்லு மாதிரி இல்லையா? தவிர, அறை மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சாமான்கள் உருளும் சத்தம் நின்றுபோயிருந்தது. குஞ்சம்மாள் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சர்க்கரை, ரத்தக் கொதிப்பு?"

"இல்ல."

"வலிப்பு வந்திருக்கா?"

"இல்ல."

"மாசாமாசம் சரியா ஆகுதா?"

"அதெல்லாம் சரியா ஆகுது."

"சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்..."

"இல்ல."

டாக்டர் தலையை நிமிர்த்தினார். "நான் இன்னும் கேட்டு முடிக்கலையே."

"எதுவுமே வந்ததில்லன்னு சொல்ல வந்தேன்" என்றேன். உள்ளங்கையைத் துப்பட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அவர் ஃபரீனைக் கட்டிலில் படுக்க வைத்து நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி மறுபடி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு வெளியே மாடிப்படியைக் காட்டி, இரண்டு தரம் ஏறி இறங்கி வா என்றார். ஃபரீன் திரும்பி வந்தபோது உதடு வெளுத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இழுப்பது எனக்கே கேட்டது. அதே நிலையில் உட்கார வைத்து மறுபடியும் கேட்டார்.

"எப்பவும் இப்படித்தான் மூச்சு வாங்குமா?"

"குண்டா கீறதால டாக்டரம்மா. அதுக்குத்தான மாத்திர கேக்கறோம்."

"இவளைவிடப் பருமனானவங்களையும் இந்தப் படியில ஏத்தி இறக்கியிருக்கேன்" என்றார். "எனக்கு ஒரு சத்தம் கேக்கற மாதிரி இருக்கு. நிச்சயமாச் சொல்ல முடியலை. சேலத்துல ஒரு இதய டாக்டர்கிட்ட எழுதித் தர்றேன். பாத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

சேலத்து டாக்டர் இவருக்கு என்ன உறவோ, என்ன கமிஷனோ. "ரோடு இல்லியே" என்றேன்.

"ரோடு திறக்கட்டும்."

"அதுக்குள்ள நாள் போய்டும். நீங்க எழுதிக் குடுக்கலன்னா போங்க. சீட்டு இல்லாம குடுக்கற கட இந்த ஊர்ல இல்லியா இன்னா?"

சொன்ன பிறகுதான், ரிஷிவந்தியத்துக்காரி என்று சொல்லிக்கொண்ட நான் இந்த ஊர்க் கடைகளை அறிந்தவள் போலப் பேசிவிட்டது உறைத்தது. டாக்டர் அதைக் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பினார்.

'என் மகளுக்குச் சிறு வயதிலோ பிறகோ மூட்டுக் காய்ச்சலோ இதய நோயோ வந்ததில்லை. இந்த மாத்திரையால் வரக்கூடிய ஆபத்து எனக்குச் சொல்லப்பட்டது. தெரிந்துதான் கேட்கிறேன்.'

"இதுல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் மாத்திரையைப் பத்திப் பேசுவோம்" என்றார். எழுந்தவர், "உங்க சொந்தப் பேர்ல போடுங்க" என்றும் சொன்னார்.

அந்த நேரத்தில் வெளியே சத்தம். இரண்டு ஆட்கள் ஒருவனைத் தோளில் தாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். மரம் வெட்டும்போது கோடரி நழுவிப் பாதத்தில் விழுந்துவிட்டதாம். தரை முழுக்க ரத்தம். டாக்டர் குஞ்சம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டே பக்கத்து அறைக்கு ஓடினார். "நான் வர்றதுக்குள்ள யோசிங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நானும் ஃபரீனும் அந்தத் தாளும் மட்டும் இருந்தோம். மேஜையில் பேனா திறந்தபடி கிடந்தது. எடுத்தேன். ஒரு கையெழுத்துதானே. இந்த அம்மாள் என்னை ஆழம் பார்க்கிறாள், போட்டுவிட்டால் வாயடைத்துப்போவாள் என்று நினைத்தேன்.

"அம்மா, பேனாவ இங்க குடு" என்றாள் ஃபரீன்.

"எதுக்குடி?"

"நான் போடறேன். எனக்கு இருபத்தோரு வயசு ஆச்சு. நான் போட்டாலும் செல்லும்."

"நீ ஏன் போடணும்?"

"நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆச்சின்னா அத்தா உன்னத்தான் கேப்பாரு. ஊரே உன்னத்தான் பேசும். நான் போட்டா நானே பொய் சொல்லி வாங்கினதா இருக்கும்." ஏதோ கடையில் சாமான் வாங்கிவரக் கிளம்புகிறவள் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னாடி பொய்?" என்றேன்.

"மலைல போட்டது சத்து ஊசி இல்லன்னு எனக்குத் தெரியும்மா. எட்டாவது படிக்கறப்பவே பீரோல அந்தப் பாண்டிச்சேரி அட்டயப் பாத்துட்டேன்."

ஒரு தாய் அந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும்? எட்டு வருஷமாக இதை எப்படி மனசுக்குள் வைத்திருந்தாய் என்று கேட்கலாம். பயந்தாயா என்று கேட்கலாம். என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்:

"யார்கிட்ட சொன்ன?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அது உதவியாக இருந்திருக்கும். "யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டகூடச் சொல்லலியே" என்றாள்.

பக்கத்து அறையில் அடிபட்டவன் முனகிக்கொண்டிருந்தான். ஃபரீன் அந்தப் பக்கம் பார்த்தபடியே, "இப்பல்லாம் மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது. ரெண்டு தலகாணி வெச்சிக்கிறேன். அதயும் சொல்லல. நீ பயந்துபோய்டுவ" என்றாள்.

ஒரே வீடு, ஒரே கூரை. எட்டாவது ஆள் மாப்பிள்ளையைப் பற்றி என்ன சொல்வான் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் மகள் இரண்டு தலையணை வைத்துப் படுப்பது தெரியவில்லை. தெருவில் போகிறவன் வருகிறவனையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, பக்கத்தில் படுத்திருந்தவளின் மூச்சின் மீது ஒரு சந்தேகமும் வரவில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அழுகைகூட வரவில்லை.

அவள் என் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல எடுத்து, தாளைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேனா முனை தாளில் பட்ட சத்தம் கேட்டதும் தாளைப் பிடுங்கினேன். கோடு ஒன்று நீளமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

"அம்மா, தியாகதுருகம்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"வாய மூடு" என்றேன். அதற்குப் பிறகு நான் அங்கே நிற்கவில்லை.

பக்கத்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அடிபட்டவன் மேஜையில் படுத்திருந்தான். அவனைத் தூக்கி வந்த இரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள். குஞ்சம்மாள் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் குனிந்து பாதத்தில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, என் மக பேரு ஃபரீன். நாங்க இதே ஊருதான், மலச்சரக்குக் கட கரீம் எங்க வூட்டுக்காரரு" என்றேன். குரல் எனக்கே சத்தமாக இருந்தது. "இவளுக்கு ஒம்போது வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்துச்சு. நெஞ்சுல கோளாறுன்னு பாண்டிச்சேரில சொன்னாங்க. படுத்தா இப்ப மூச்சு முட்டுதாம். அவளுக்கு மாத்திர வேணாம்."

சுவரோரம் நின்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். டாக்டர் நிமிரவில்லை. கையிலிருந்த முடிச்சைப் போட்டு, நூலைக் கத்தரித்தார்.

"ஊசி போட்டீங்களா?"

"போட்டோம். இருபத்தோரு நாளுக்கு ஒண்ணு. ஏழு வருஷம்."

"கடைசியா எப்போ?"

"அஞ்சு வருஷம் ஆச்சு."

இப்போது அவர் நிமிர்ந்தார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "இருபத்தஞ்சு வயசு வரைக்கும் போடணும்னு சொல்லியிருப்பாங்களேம்மா. யாரு நிறுத்தச் சொன்னது?"

என்னிடம் பதில்கள் நிறைய இருந்தன. மலையில் எதிரே வந்து நின்ற நாத்தனார் வீட்டுக்காரர் இருந்தார். பெண் வீட்டு நோயைத் தோண்டித் துருவும் எங்கள் ஜனம் இருந்தது. வயிற்றுப்புண் என்று பெயர் மாற்றிய மாமியாரின் சர்க்கரை இருந்தது. ஐந்து வருஷமாக இவற்றையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டுதான் நான் தூங்கினேன். குஞ்சம்மாள் தட்டைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால், கதவருகே, ஃபரீன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"நான்தான்" என்றேன்.